செயல்படும் கணினிகள் ஒன்பது

நார்த்தாமலை விலக்கில் பஸ் நின்றபோது சிவரஞ்சனிக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை. புதுக்கோட்டையில் ஏறியபோது அதிசயமாக ஜன்னலோர சீட் கிடைத்திருந்தது. கண்டக்டர், "டீச்சர், எறங்கலையா?" என்று கேட்ட பிறகுதான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

விலக்கிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ நிறைந்தால்தான் கிளம்பும். நிறைவதற்குள் ஜல்லி ஏற்றிய நான்கு லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போயின. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதின்மூன்று வருஷமாக இதே பாதை. பகுதிநேரக் கம்ப்யூட்டர் ஆசிரியர். வாரத்தில் மூன்று அரை நாள். மற்ற நேரத்தில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தாள். கணவன் ரகுநாத் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில். நாற்பத்திரண்டு வயதுக்கு முழங்கால் இவ்வளவு வலிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்கு மேல் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

பள்ளி வாசலிலேயே தலைமையாசிரியை மணிமேகலை போனும் கையுமாக நின்றிருந்தார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர்.

"வாங்க ரஞ்சனி. கல்வி ஆபீஸ்லேருந்து மெசேஜ் வந்துருக்கு. ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஆன்லைன் டெஸ்ட்டாம். பத்து நாள்ல. எல்லாரும் கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் எழுதணுமாம்."

"எந்தக் கம்ப்யூட்டர்ல மேடம்?"

"அதைத்தான் நானும் கேட்டேன். இருக்கிறதை வச்சுச் சமாளிங்கன்னுட்டாங்க."

கம்ப்யூட்டர் லேபின் பூட்டு திறக்க மறுத்தது. எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். உள்ளே பதினொரு கணினிகள் பழைய சேலைத் துணியால் மூடிக் கிடந்தன. அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் வந்தவை. கடைசி இரண்டு ஆண்டுகளாக அவற்றை யாரும் தொடவில்லை. அவளும் கரும்பலகையில் கீபோர்டை வரைந்துதான் பாடம் நடத்தினாள். துணியை எடுத்ததும், பக்கத்தில் ஜல்லி உடைக்கும் கிரஷரின் தூசி மாவு போலப் பறந்தது.

ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பழைய விண்டோஸ் முழுதாக எழுந்து நிற்க ஏழு நிமிடம் ஆனது. டெஸ்ட் பக்கத்தின் முகவரியை அடித்தாள். உங்கள் பிரவுசர் மிகவும் பழையது, புதியதைப் போட்டுக்கொள்ளவும் என்று வந்தது. புதியதைப் போடப் போனால், உங்கள் விண்டோஸ் மிகவும் பழையது என்று வந்தது.

மணிமேகலை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "புதுசு கேட்டு மூணு வருஷமா எழுதிக்கிட்டு இருக்கேன். ஓடுற கம்ப்யூட்டர் பூஜ்யம்னு போன வருஷம் போட்டு அனுப்புனதுலதான் லிஸ்ட்டுல பேரு வந்துச்சு. எப்ப வரும்னு யாருக்கும் தெரியல. அதுக்குள்ள இந்த டெஸ்ட்டு."

பிள்ளைகளைக் கீரனூர் பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிப் போகலாமா என்று பேசிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டுப் பேர். நாற்கர ரோட்டைத் தாண்ட வேண்டும். மணிமேகலையே வேண்டாம் என்றார்.

அன்று மதியம் சிவரஞ்சனி வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் எதிர்ப் பக்கம் நின்று கீரனூர் பஸ்ஸில் ஏறினாள். அங்கே ஜெபக்குமார் சிசிடிவி கேமராவும் கம்ப்யூட்டர் சர்வீஸும் பார்க்கிற கடை வைத்திருந்தான். காலேஜில் அவளோடு ஒரே வகுப்பு. அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஒரு சிபியுவின் மூடியைத் திருகிக்கொண்டே பேசினான்.

"எத்தனை ரேம்?"

"ரெண்டு ஜிபி."

"புது விண்டோஸ் ஏறாது. சிப்பைப் பாத்ததுமே வேணாம்னுரும். பழசுலயே இருந்தா பிரவுசர் வராது. ஒனக்கு ஒரே வழிதான் ரஞ்சனி. விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடு."

"காலேஜ்ல பாத்தோமே, கறுப்பு ஸ்கிரீன்ல டைப் அடிச்சுக்கிட்டு. பிள்ளைங்களுக்கு அதை எப்படிக் குடுக்குறது?"

"அது அப்ப. இப்ப பாக்கிறதுக்கு விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும்."

"அதே மெஷின்தானே ஜெபா? ஏழு நிமிஷம் திணறுற மெஷின் இதுல மட்டும் எப்படி ஓடும்?"

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நீ மெஷினைப் போட்டதும் நீ கேக்காத அம்பது வேலை உள்ள ஆரம்பிக்கும். ஃபைலையெல்லாம் தேடி அட்டவணை போடும். எங்கேயோ போயி எதையோ எறக்கும். ஜன்னலுக்கு நெழல் போடும், கண்ணாடி மாதிரி காட்டும். எல்லாத்துக்கும் ரேம் வேணும்ல? சின்ன லினக்ஸ்ல அதெல்லாம் எடுத்துருப்பாங்க. கீழ ஒரு பட்டை, ஒரு மெனு, ஃபைல் பாக்க ஒரு ஜன்னல். அம்புட்டுத்தான். ஆனா அடியில மெஷினை ஓட்டுற கெர்னல் இருக்கு பாரு, அது புதுசு. பிரவுசர் இந்த மாசத்துது. பாதுகாப்புக்கு அப்டேட்டும் வந்துக்கிட்டே இருக்கும். பழைய பிரிண்டரு, பழைய நெட்வொர்க் கார்டு எல்லாத்துக்கும் டிரைவர் அதுக்குள்ளயே கெடக்கும்."

"அப்ப இருக்கிறதுலயே சின்னதாக் குடு."

"பென் டிரைவ்ல மூணு வகை போட்டுத் தாரேன். நீயே பாத்துக்க. ரொம்பச் சின்னதுலயும் ஒரு வில்லங்கம் இருக்கு."

வியாழக்கிழமை அவளுக்குப் பள்ளி இல்லாத நாள். ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்தாள். பெயிண்ட் பிரஷ்ஷும் சைக்கிள் பம்ப்பும் வைத்து முதல் சிபியுவைத் துடைத்தாள். விசிறியில் சிமெண்ட் பூசியது போலத் தூசி படிந்திருந்தது. அதைச் சுரண்டியதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று.

பிறகு பென் டிரைவைச் செருகி, மூன்றில் மிகச் சிறியதை ஓட விட்டாள். அரை நிமிடத்தில் திரை வந்துவிட்டது. அவள் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். டெஸ்ட்டின் மாதிரித் தாளைத் திறந்தாள். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்டாள். அப்புறம் எழுத்து வந்தது, ஆனால் 'கொ' என்பதன் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றது. அதைச் சரிசெய்தால் சத்தம் வரவில்லை. பாதுகாப்பு அப்டேட்டைத் தேடினால், இதைச் செய்தவர்கள் நான்கு வருஷமாக அந்தப் பக்கமே வரவில்லை என்று தெரிந்தது. ஒரு மெஷினில் இத்தனை கை வேலை என்றால் பதினொன்றுக்கு எப்படி? ஜெபக்குமார் சொன்ன வில்லங்கம் புரிந்தது. சின்னதாக இருந்தது, ஆனால் இந்தக் காலத்துக்கு வேண்டியதையும் சேர்த்துக் கழித்துவிட்டிருந்தார்கள்.

இரண்டாவது பார்க்க அழகாக இருந்தது. ஜன்னல்கள் மிதந்து வந்து திறந்தன. ஆனால் ஒன்றுமே செய்யாமல் சும்மா இருக்கும்போதே ரேமில் பாதிக்கு மேல் அதற்குப் போய்விட்டது. மாதிரித் தாளைத் திறந்தவுடன் ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு எரிந்தது எரிந்தபடியே நின்றது. மவுஸ் நகரவில்லை. அவள் சுவிட்சை அணைத்தாள்.

மூன்றாவதைப் போடுவதற்கு முன் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். இதுவும் சரிப்படாவிட்டால் மணிமேகலையிடம் கையை விரித்துவிடலாம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்றாவதில் அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு திரை, கீழே ஒரு பட்டை. ரேமில் நானூறு எம்பிக்குள் அடங்கி உட்கார்ந்தது. நெட்வொர்க் வயரைச் செருகியதும் தானாகவே பிடித்துக்கொண்டது. தமிழ் சரியாக வந்தது. ரேம் நிரம்பினால் உள்ளே இருப்பதைச் சுருக்கி அங்கேயே இடம் பண்ணிக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. மாதிரித் தாள் திறக்க பன்னிரண்டு விநாடி. அவள் மூன்று முறை மூடித் திறந்து எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டுதான்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வந்தாள். காய்ச்சல் இன்னும் விடவில்லையா என்று கடைக்காரர் போனில் கேட்டபோது அவர் குரலில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றாக ஏற்றினாள். சிலவற்றில் தேதி காட்டும் சின்ன பேட்டரி செத்து, மெஷின் இன்னும் 2010ஆம் வருஷத்திலேயே இருந்தது. தேதி தப்பாக இருந்தால் எந்த நல்ல பக்கமும் பாதுகாப்பு இல்லை என்று திறக்க மறுத்தது. கீரனூருக்குப் போய்ப் பேட்டரி வாங்கி வந்தாள். ஒன்றில் மதர்போர்டே போய்விட்டிருந்தது. அதன் ரேமைக் கழற்றி இன்னொன்றில் போட்டாள். இன்னொன்று ரொம்பப் பழைய 32 பிட் சிப். அதில் புதிய பிரவுசர் ஏறவே ஏறாது என்று ஜெபக்குமார் போனில் சொன்னான். டைப் அடிக்க மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஓரமாகத் தள்ளினாள்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு ஒன்பது கணினிகள் ஓடிக்கொண்டிருந்தன. பார்க்க யாரும் இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கை முழுக்க வெள்ளைத் தூசியோடு ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தாள்.

டெஸ்ட் அன்று முப்பத்தெட்டுப் பேரும் ஐந்து தடவையாக உட்கார்ந்தார்கள். சிவரஞ்சனி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "இந்தப் பக்கத்தைத் தவிர வேற எதையும் திறக்கக் கூடாது. ஒண்ணு, ரெண்டுன்னா தாங்கும். நாலு திறந்தீங்கன்னா நின்னுரும்." இரண்டாவது தடவையில் ஒருத்தி நாலு திறந்தாள், மெஷின் நின்றது. அதை மறுபடி போட்டு உட்கார வைத்தாள். மூன்றரை மணிக்குக் கடைசிப் பிள்ளை எழுந்து போனாள். மணிமேகலை டீ வாங்கி வரச் சொல்லி, தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். "நல்லாப் பண்ணிட்டீங்க ரஞ்சனி," என்றார். சிவரஞ்சனிக்குச் சந்தோஷம் என்று எதுவும் தோன்றவில்லை. பெஞ்சில் காலை நீட்ட முடிந்ததே போதும் என்றிருந்தது.

பத்து நாள் கழித்து ஆபீஸிலிருந்து செம்மல் என்ற ஒருங்கிணைப்பாளர் வந்தார். முப்பது வயது இருக்கும். அன்றைக்கு அது அவருக்கு நான்காவது பள்ளி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் நெற்றியில் வரி விழுந்திருந்தது. லேபில் உட்கார்ந்து ஒரு கணினியைப் போட்டுப் பார்த்தார்.

"நல்லா ஓடுதே மேடம்! யாரு போட்டது?"

"எங்க ரஞ்சனி டீச்சர்தான்," என்றார் மணிமேகலை பெருமையாக.

செம்மல் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். எடுத்தவர் உடனே நீட்டவில்லை.

"மேடம், ஒரு விஷயம். புது லேபுக்கு உங்க ஸ்கூலு முதல் லிஸ்ட்டுல இருக்கு. அந்த லிஸ்ட்டு, ஓடுற கம்ப்யூட்டர் அஞ்சுக்குக் கம்மியா இருக்கிற எடத்துக்கு. இப்ப ஒன்பது ஓடுதுன்னு எழுதுனா ரெண்டாவது லிஸ்ட்டுக்குப் போயிரும்."

"ரெண்டாவது எப்ப வரும்?"

"அது இன்னும் முடிவாகல மேடம்."

"பதிமூணு வருஷத்து மெஷின் தம்பி இதெல்லாம். நாளைக்கே நின்னாலும் நின்னுரும்."

"எனக்குப் புரியுது மேடம். ஆனா படிவத்துல எத்தனை வருஷம்னு கேக்கல. ஓடுதா ஓடலையான்னுதான் கேட்டுருக்கு." அவர் படிவத்தை மேஜைமேல் வைத்தார். "நீங்க என்ன எழுதுறீங்களோ அதை நான் அப்படியே அனுப்பிருவேன். அடுத்த ஊருக்குப் போயிட்டு மூணு மணிக்கு வாரேன்."

அவர் போன பிறகு மணிமேகலை படிவத்தை எடுத்துக்கொண்டு அவளைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ரஞ்சனி, அந்த லினக்ஸை எடுத்துட்டா எத்தனை ஓடும்?"

"ஒண்ணும் ஓடாது மேடம். பழைய விண்டோஸ் வந்தாலும் ஒரு பக்கமும் திறக்காது."

"அப்ப எடுத்துருங்க. எடுத்துட்டுப் பூஜ்யம்னு எழுதுங்க. அதுல பொய் இல்லையே?"

சிவரஞ்சனி படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்காகவா கேக்குறேன்? நான் அடுத்த ஏப்ரல்ல போயிருவேன். ஒரு நல்ல லேபைப் பாத்துட்டுப் போகணும்னு இருக்கு, அவ்வளவுதான். புது மெஷின் வந்தா உங்களுக்கும்தானே நல்லது. இதைக் கட்டிக்கிட்டு எத்தனை நாள் அழுவீங்க?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் சிவரஞ்சனிக்குத் தெரியவில்லை. நாலு டேப் திறந்தால் நிற்கிற மெஷின்தான். அடுத்த வருஷம் டெஸ்ட் பக்கத்தை இன்னும் கனமாக்கினால் இதுவும் போதாது. "சரிங்க மேடம்," என்று சொல்லிவிட்டு பழைய விண்டோஸ் டிஸ்க்கைத் தேடி எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனாள்.

அங்கே எட்டாம் வகுப்பு உட்கார்ந்திருந்தது. டெஸ்ட் முடிந்ததிலிருந்து எந்தப் பாடவேளை காலியானாலும் பிள்ளைகள் லேப் வாசலில் வந்து நின்றார்கள்; யாராவது ஒரு டீச்சர் திறந்துவிட்டுவிடுவார். இன்றைக்கு உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சுடர்விழி என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அப்பா தொழில்னு கேக்குது. கிரஷர்னு போடலாமா, கூலின்னு போடணுமா?"

"கூலின்னு போடு."

"அம்மாவுக்கு?"

"அவங்க என்ன பண்றாங்க?"

"அவங்களும் கிரஷர்தான் டீச்சர்."

"அவங்களுக்கும் அதேதான் போடு."

அந்தப் பெண் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி 'கூலி' என்று அடித்தாள். திரையில் எழுத்து சரியாக வந்ததும் திரும்பி ஒரு தரம் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் தன்னுடையதை முடித்து, சேமித்து, எழுந்து அடுத்தவளுக்கு இடம் விட்டாள்.

சிவரஞ்சனி பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். டிஸ்க் மடியில் இருந்தது. ஒன்பது மெஷினிலும் இதை அழித்துப் பழையதைப் போட ஒரு நாள் வேண்டும். புது லேப் வரும்வரை மறுபடி கரும்பலகையில் கீபோர்டு வரைய வேண்டும். வராவிட்டால், இதையே மறுபடி ஏற்ற இன்னும் மூன்று நாள். அந்த நாட்களை எங்கிருந்து எடுப்பது என்று யோசித்தாள். ஜெராக்ஸ் கடையில் காய்ச்சல் என்று இனிச் சொல்ல முடியாது. நியாயம், அநியாயம் என்றெல்லாம் அவளுக்கு அப்போது தோன்றவில்லை. தன்னால் முடியாது என்றுதான் தோன்றியது. செய்ததைத் தானே கலைப்பதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். அவள் தலைமையாசிரியை அறைக்குப் போய்ப் படிவத்தை எடுத்து, செயல்படும் கணினிகள் என்ற இடத்தில் ஒன்பது என்று எழுதினாள். கீழே குறிப்பு என்று இருந்த வரியில், பதின்மூன்று ஆண்டுப் பழையவை, இரண்டு ஜிபி ரேம், எப்போது வேண்டுமானாலும் பழுதாகலாம் என்று எழுதினாள். அந்த வரியை யாரும் படிக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

மணிமேகலை அதைப் பார்த்தார். "எடுக்கலையா?"

"முடியல மேடம்."

"ஓடாதுன்னு சொன்னீங்களே, எடுக்கிறதுக்கு என்ன?"

"எனக்கு முடியல மேடம். நீங்க வேணும்னா திருத்திக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல."

மணிமேகலை பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு எண்ணைத் தொடாமல் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். "போங்க, ஒங்க பஸ்ஸுக்கு நேரமாச்சு," என்றார் முகத்தைப் பார்க்காமல்.

லிஸ்ட் அடுத்த மாதம் வந்தது. அவர்கள் பள்ளியின் பெயர் இல்லை. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்குப் பதினைந்து புதுக் கணினிகள் வந்தன. அந்த வாரம் முழுக்க மணிமேகலை அவளிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. சிவரஞ்சனிக்கு அது வலித்தது. ஆனால் எதிர்பார்த்ததுதான் என்பதால் பொறுத்துக்கொண்டாள்.

புது லேப் வந்த பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் இல்லை. இரண்டு மாதம் பூட்டியே கிடந்தது. பிறகு ஓர் ஆணை வந்தது: சிவரஞ்சனியின் மூன்று அரை நாளில் ஒன்று இனி அங்கே. முதல் நாள் அவள் போனபோது மானிட்டர்களில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரித்திருக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் திரை கண் சிமிட்டும் நேரத்தில் வந்தது. பத்து டேப் திறந்து பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. தன் பள்ளிப் பிள்ளைகள் இங்கே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் நினைத்தாள். அப்புறம் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த லேபின் மூலையில் ஏழு பழைய கணினிகள் கழிவுக்குப் போகக் காத்திருந்தன. அதைப் பற்றி மணிமேகலையிடம் அவள் பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அவள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியபோது, பள்ளி வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. மணிமேகலை கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, ஆபீஸில் கையெழுத்து வாங்கி, அந்த ஏழு மெஷினையும் தன் பள்ளிக்கு மாற்றி வாங்கியிருந்தார். வெயிலில் நின்று, எதை எங்கே இறக்குவது என்று டிரைவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரஞ்சனி, இங்கிட்டு வாங்க. இதுல எத்தனை தேறும்னு பாருங்க."

சிவரஞ்சனி ஒரு சிபியுவின் மூடியைத் திருகித் திறந்தாள். விசிறியில் அதே வெள்ளைத் தூசி. ரேமை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் படித்தாள். இரண்டு ஜிபி.

"எப்படியும் நாலு தேறும் மேடம்."

"இன்னைக்கு ஆரம்பிக்கலாமா?"

"இன்னைக்கு வேணாம் மேடம். வெள்ளிக்கெழமை பாப்போம்."

மணிமேகலை அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, வெள்ளிக்கெழமையே பாருங்க. உள்ள போயி மொதல்ல ஃபேனுக்கு அடியில உக்காருங்க," என்றார். அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள்.